யோசிக்க விடுங்கள்

கைப்பேசிச் செயலிகளையும் இணையச் சேவைகளையும் வடிவமைக்கும் தொழிலில் இன்று ஒரு சித்தாந்தம் எதிர்ப்பே இல்லாமல் ஆட்சி செய்துவருகிறது. பயனருக்கும் அவர் நாடிவந்த காரியத்துக்கும் நடுவில் நிற்கும் படி ஒவ்வொன்றும் குறையே என்றும், அந்தப் படிகளை ஒன்றன்பின் ஒன்றாக அகற்றி, விரல் பட்ட மாத்திரத்தில் காரியம் முடிந்துவிடும் நிலைக்குக் கொண்டுபோவதே வடிவமைப்பாளரின் தர்மம் என்றும், அப்படி அகற்றப்படாமல் எஞ்சி நிற்கும் தடங்கல் எதுவானாலும் அது அவருடைய திறமைக் குறைவுக்குச் சாட்சி என்றும் அது போதிக்கிறது. சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையிலோ பெங்களூரின் கோரமங்கலாவிலோ உள்ள ஏதேனும் ஒரு ஸ்டார்ட்-அப் அலுவலகத்துக்குள் நுழைந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், இந்தத் தடங்கலைக் குறிக்கும் 'ஃப்ரிக்‌ஷன்' என்ற சொல் ஐந்தாறு தடவையாவது காதில் விழும். அந்தச் சொல்லை யாரும் விசாரிப்பதில்லை. தடங்கலை ஒழிக்க வேண்டும் என்பதில் அங்கே இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் உண்டு. இந்தச் சித்தாந்தம் தொடக்கத்தில் தன்னுள் கொண்டிருந்த உண்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று அது எடுத்திருக்கும் உருவம் பயனரின் நலனுக்கு விரோதமானது என்பதும், அதைப் போதிக்கும் நிறுவனங்களே தங்கள் லாபம் சம்பந்தப்பட்ட இடங்களில் அதை நம்புவதில்லை என்பதும், சில காரியங்களில் மனிதனை ஒரு கணம் நிறுத்தி வைப்பதே வடிவமைப்பாளர் அவனுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் என்பதும் என் உறுதியான முடிவு.

இந்தக் கொள்கைக்குக் கௌரவமான பிறப்பு உண்டு. ஸ்டீவ் க்ரூக் என்ற அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் 'டோன்ட் மேக் மி திங்க்' (என்னை யோசிக்க வைக்காதீர்கள்) என்ற சிறு நூலை வெளியிட்டார். இணையப் பக்கங்கள் குழப்பத்தின் களஞ்சியமாக இருந்த காலம் அது. எது பொத்தான், எது வெறும் அலங்காரம், தேடும் கட்டம் எங்கே, தான் நிற்கும் பக்கம் எது என்று புரியாமல் மக்கள் தவித்த காலம். அந்தத் தவிப்பை நீக்கும்படி அவர் கேட்டார், நியாயமாகவே கேட்டார். நூலின் பிந்திய பதிப்பில், பயனரிடம் மரியாதையாக நடந்துகொள்வது பற்றி ஓர் அத்தியாயமே சேர்ந்தது. பக்கத்தில் வழி தேடும் சிரமத்தை நீக்குங்கள் என்று அவர் சொன்னதை, வாழ்க்கையில் முடிவெடுக்கும் சிரமத்தையும் நீக்குங்கள் என்பதாக அவருக்குப் பின்வந்தவர்கள் நீட்டிக்கொண்டார்கள். கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திகைப்பது வேறு. கதவுக்கு முன் நின்று உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிப்பது வேறு.

வேண்டாத சிரமத்துக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஒரே முகவரியை மூன்று படிவங்களில் மூன்று தடவை எழுதச் சொல்வதும், விண்ணப்பத்தின் நடுவில் நேரம் கடந்துவிட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் செய்வதும், அறுபது வயதுக் கண்ணுக்குத் தென்படாத வெளிறிய சாம்பல் நிறத்தில் முக்கியமான வாசகத்தை அச்சிடுவதும் அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. ஸ்தாபனம் தன் சோம்பலின் பாரத்தைப் பொதுமக்களின் தலையில் ஏற்றுவதால் வரும் சிரமங்கள் இவை. இவற்றைக் களைபவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் வேறொரு வகைத் தடங்கலும் இருக்கிறது. செலவாகும் தொகையை எழுத்தில் காணும் இடமாகவும், சம்மதம் தருவதா மறுப்பதா என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் இடமாகவும், அனுப்பியபின் திரும்பப் பெற முடியாத ஒன்றை அனுப்புவதற்கு முந்திய அந்த இமைப்பொழுதாகவும் அது இருக்கிறது. முன்னதில் வீணாவது பயனரின் நேரம். பின்னதில் நிகழ்வது பயனரின் தீர்மானம். இரண்டையும் விநாடிக் கணக்கு என்ற ஒரே கோலால் அளப்பதுதான் நம் காலத்துக் கொள்கையின் மூலப்பிழை.

அமேசான் நிறுவனம் ஒரே சொடுக்கில் பொருள் வாங்கும் முறைக்கு 1997இல் காப்புரிமை கேட்டு 1999 செப்டம்பரில் அதைப் பெற்றது. 2017இல் காலாவதியாகும்வரை அந்த உரிமையை அது பொக்கிஷம்போலப் பாதுகாத்தது. ஆப்பிள் 2000ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமம் வாங்கிக்கொண்டது. அந்தப் புத்தாக்கம் அகற்றியது எதை என்று பார்க்க வேண்டும். கூடையில் சேர்ந்த சாமான்களைக் கடைசித் தடவையாக ஒருமுறை நோட்டம்விட்டு, கூட்டுத்தொகையைக் கண்டு, "இது இப்போது வேண்டுமா?" என்று எண்ணி ஒன்றிரண்டை எடுத்துவிடும் அந்தப் படியைத்தான் அகற்றியது. முகவரியை மறுபடி எழுதும் சிரமமும் அத்துடன் போயிற்று என்பது உண்மையே. ஆனால் நல்லதும் கெட்டதும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே பெயரில் விற்கப்பட்டதால், எதை இழந்தோம் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே நமக்கு ஏற்படவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், சிறுகடன் வழங்கும் செயலி ஒன்றைப் பற்றிய ஆலோசனைக் கூட்டத்தில் நான் இருந்தேன். சுவரில் விழுந்த திரையில், இடமிருந்து வலமாக உயரம் குறைந்துகொண்டே போகும் பட்டைகள் தெரிந்தன: கைப்பேசி எண், ஓ.டி.பி., பான் எண், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள் என்ற கணக்கு. கடைசிக்கு முந்திய பக்கத்தில் பட்டை சட்டென்று பாதாளத்தில் விழுந்திருந்தது. கையில் வரும் தொகை இவ்வளவு, திருப்பிக் கட்ட வேண்டிய மொத்தத் தொகை இவ்வளவு, முதல் தவணைத் தேதி இது என்று மூன்று வரிகளில் சொல்லும் பக்கம் அது. மொத்தத் தொகையை 'மேலும் விவரம்' என்ற இணைப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மாதத் தவணையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டலாம் என்று யோசனை சொல்லப்பட்டது. வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண் ஒருவர், "இங்கே வெளியே போறவங்க எல்லாரும் படிச்சுப் பாத்துட்டுத்தானே போறாங்க?" என்று கேட்டார். "அதான் ஃப்ரிக்‌ஷன்" என்று பதில் வந்தது. கூட்டம் அடுத்த பட்டைக்கு நகர்ந்தது.

அந்தப் பெண்ணின் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதை அந்த அறையில் இருந்தவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. கடனின் முழு விலையைப் படித்துவிட்டு, "வேண்டாம்" என்று முடிவுசெய்து வெளியேறிய மனிதனிடத்தில் அந்தப் பக்கம் தன் கடமையை நிறைவேற்றியிருக்கிறது. அவனுக்குத் தேவையான தகவல் கிடைத்தது. அவன் அதை விளங்கிக்கொண்டான். தன் வருமானத்தையும் குடும்பத்தையும் மனத்தில் வைத்து ஒரு தீர்மானத்துக்கு வந்தான். வடிவமைப்புக்கு இதைவிடச் சிறந்த வெற்றி என்ன இருக்க முடியும்? ஆனால் அந்தக் கணக்குப் புத்தகத்தில் அவன் நஷ்டமாகப் பதிவாகிறான். படிக்காமல் ஒப்புக்கொண்டவன் வரவு, படித்துவிட்டு மறுத்தவன் நஷ்டம் என்று எழுதும் கணக்கை ஆதாரமாகக் கொண்டு ஒரு தொழில் தன்னைச் சீர்திருத்திக்கொண்டே போனால், நாளடைவில் அது படிக்க முடியாத பக்கங்களைத்தான் வந்தடையும். அதற்கு யாரும் தீய எண்ணம் கொண்டிருக்கவும் அவசியமில்லை. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடன்களுக்கு விதிகள் வகுத்து, கடனின் முழுச் செலவையும் ஆண்டு விகிதத்தில் காட்டும் விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்றும், கடன் வாங்கியவர் மனம் மாறி அபராதமின்றி விலகிக்கொள்ள அவகாசம் தர வேண்டும் என்றும் கட்டளையிட நேர்ந்தது இந்தக் காரணத்தால்தான் என்று நான் கருதுகிறேன். வடிவமைப்பாளர்கள் தாமாகச் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் சட்டம் செய்தது.

தடங்கலே கூடாது என்று போதிப்பவர்கள் அதை உண்மையிலேயே நம்பினால், சேவையில் சேரும் வழி எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதிலிருந்து விலகும் வழியும் இருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் அமேசான்மீது தொடுத்த வழக்கைப் பார்ப்போம். பிரைம் சந்தாவில் சேர ஓரிரு சொடுக்குகள் போதும். ரத்து செய்வதற்கோ நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தேர்வுகள் கொண்ட வழி என்று ஆணையம் குற்றஞ்சாட்டியது. நிறுவனத்துக்குள் அந்த வழிக்கு 'இலியட்' என்று பெயர் வைத்திருந்ததாகவும் அது சொன்னது. பத்தாண்டுப் போரைப் பாடும் ஹோமரின் காவியத்தின் பெயர் அது. 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 250 கோடி டாலர் தர இசைந்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. ஒரே சொடுக்குக்குக் காப்புரிமை வாங்கிய நிறுவனம்தான் இது. தடங்கலின் சக்தியை அது அறியாமல் இல்லை. பயனரின் பணம் உள்ளே வரும் திசையில் தடங்கல் குற்றமாகவும், வெளியே போகும் திசையில் அதுவே கருவியாகவும் பயன்படும்போது, தடங்கலை ஒழிப்பது ஒரு கொள்கை என்று நம்மிடம் யாரும் வாதாட இடமில்லை.

நம் நாட்டிலும் இந்நிலைதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பயனரை ஏமாற்றும் 13 வடிவமைப்பு உத்திகளைப் பெயர்சொல்லித் தடைசெய்தன. போலி அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைத்துவிடுவது, மறுப்பவரை வெட்கப்படச் செய்யும் வாசகங்களை எழுதுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்கவைப்பது என்று நீளும் அந்தப் பட்டியலில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை இரண்டே தந்திரங்களின் பல உருவங்கள்: ஆம் என்பதை வழுக்கலாக்குவது, இல்லை என்பதை மேடாக்குவது.

இதற்கு எதிர்த்தரப்பினர் சொல்லும் சமாதானங்களுள் வலுவானது, புள்ளிவிவரத்தின் பெயரால் வருவது. "நாங்கள் எதையும் திணிப்பதில்லை, இரண்டு வடிவங்களை இரண்டு கூட்டத்தாருக்குக் காட்டுகிறோம், எதை மக்கள் அதிகம் பயன்படுத்துகிறார்களோ அதை வைத்துக்கொள்கிறோம், மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு ஜனநாயகம்போல ஒலிக்கும் இந்த வாதம், கை செய்த காரியத்தையும் மனம் விரும்பிய காரியத்தையும் ஒன்றென்று அனுமானித்துக்கொள்கிறது. கீழே போகப்போக முடிவே இல்லாமல் புதிய பதிவுகள் வந்து சேரும் பக்க அமைப்பை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், அதன் விளைவுகளைக் கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். 'அடுத்த பக்கம்' என்ற பொத்தான் இருந்த காலத்தில், அதை அழுத்துவதற்கு முன் ஒரு கணம் கை நிற்கும்; அந்தக் கணத்தில், போதும், தூங்கலாம் என்ற எண்ணம் எழ இடம் இருந்தது. பொத்தான் போனபின் மக்கள் அதிக நேரம் தங்கினார்கள் என்பது மெய். இரவு ஒரு மணிக்குக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, இந்த நேரத்தை இப்படிக் கழிக்கத்தான் விரும்பினாயா என்று அவர்களைக் கேட்ட அளவீடு எதுவும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

பங்குச் சந்தையில் இந்தத் தடங்கலின்மைக்கு விலை ரூபாயில் கிடைக்கிறது. சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 நிதியாண்டு முதல் மூன்றாண்டுகளில் முன்பேர, விருப்பப் பேர (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். சராசரியாகத் தலைக்குச் சுமார் இரண்டு லட்சம் ரூபாய். இதற்குக் காரணம் செயலியின் வடிவமைப்பு ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆசை என்பது செயலிகளுக்கு முற்பட்டது. ஆனால் பத்து நிமிஷத்தில் கணக்குத் திறந்து, பேருந்தில் நின்றபடியே கட்டைவிரலால் தள்ளி வாங்கி விற்க முடிகிற சௌகரியத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்புவது கடினம். இப்போது விருப்பப் பேரம் பண்ண உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும், பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்ற எச்சரிக்கையைத் தரகுச் செயலிகள் காட்டுகின்றன. செபியின் உத்தரவு அது. பெங்களூரின் ஸெரோதா நிறுவனம் ஒரு படி மேலே போய், வாடிக்கையாளர் தாமாகவே ஒரு பிரிவு வர்த்தகத்தைச் சில மணி நேரத்துக்குப் பூட்டி வைத்துக்கொள்ளும் வசதியைத் தந்திருக்கிறது. தன் கைக்குத் தானே தடை வேண்டும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டியதில்லை.

பணத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல இது. மென்பொருள் படிப்பவர்கள் அனைவரும் என்றேனும் கேள்விப்படும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தின் வரலாற்றை, வடிவமைப்பாளர்கள் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டும். கனடாவின் அணுசக்தி நிறுவனம் செய்த அந்த இயந்திரத்தில், சிகிச்சை விவரங்களைப் படுக்கையருகே ஒருமுறை அமைத்துவிட்டு, அதே விவரங்களை விசைப்பலகையிலும் மறுபடி அடிக்க வேண்டும் என்பதே முதலில் இருந்த ஏற்பாடு. ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த இரட்டை வேலை அது. நேரம் பிடிக்கிறது என்று இயக்குபவர்கள் குறைபட்டார்கள்; ஆகவே, வெறும் 'என்டர்' விசையைத் தட்டினாலே முன்பு அமைத்த விவரம் அப்படியே ஏறிக்கொள்ளும்படி மென்பொருளை மாற்றிக்கொடுத்தார்கள். இன்றைய அகராதியில் இது பயனர் கருத்துக்குச் செவிசாய்த்த உத்தமமான திருத்தம்.

1986 மார்ச்சில் டெக்ஸஸ் மாகாணத்தின் டைலர் நகரத்துப் புற்றுநோய் மையத்தில் அனுபவம் மிக்க ஒரு பெண் ஊழியர் அந்த இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தார். எலெக்ட்ரான் கற்றைக்கான எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்-கதிருக்கான எழுத்தைக் கை பழக்கத்தில் அடித்துவிட்டார். உடனே கவனித்து, மேலே போய் அதைத் திருத்தி, மற்ற வரிகள் சரியாகவே இருந்ததால் என்டர் விசையைத் தடதடவென்று தட்டிக்கொண்டு கீழே வந்து சிகிச்சையைத் தொடங்கினார். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று ஒரு வரி வந்தது. அதன் பொருள் என்னவென்று அவருக்குத் தெரிய வழியில்லை; அப்படிப்பட்ட வரிகள் நாள்தோறும் வந்துபோகும்; தொடர்வதற்கு ஒரே ஒரு விசையை அழுத்தினால் போதும். அழுத்தினார். உள்ளே மேசைமேல் படுத்திருந்த நோயாளி அளவுக்கு எத்தனையோ மடங்கு மிஞ்சிய கதிர்வீச்சை இரண்டாவது தடவையாக வாங்கினார். ஐந்து மாதங்களில் இறந்தார். 1985க்கும் 1987க்கும் இடையில் இப்படி ஆறு விபத்துகள் நேர்ந்தன.

டைலர் விபத்தின் மூலக்கோளாறு நிரலில் இருந்தது. இயந்திரம் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் எட்டு விநாடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டால் மட்டும் அது வெளிப்பட்டது. முந்திய மாதிரியில் இருந்த, மின்சாரத்தையே வெட்டிவிடும் பாதுகாப்புப் பூட்டுகளை, மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி நீக்கியிருந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய பிழை. இவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கோளாறு மெதுவாக வேலை செய்பவர் கையில் தலைகாட்டவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த மருத்துவமனையின் பௌதிக நிபுணர், அந்த ஊழியரோடு உட்கார்ந்து, அவர் வேகத்துக்குத் தட்டிப் பழகிய பிறகுதான் பிழையை மறுபடி வரவழைக்க முடிந்தது. சரிபார்க்கும் படியை வேகத்துக்காக விட்டுக்கொடுத்தபோது, அந்தப் படி அதுவரை எதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எச்சரிக்கையைக் கடந்துபோவதை ஒரு விசையாக்கியபோது எச்சரிக்கை என்பதே அர்த்தமிழந்தது.

"வளர்ந்த மனிதர்களை நிறுத்தி உபதேசம் செய்ய நீங்கள் யார்?" என்று ஓர் ஆட்சேபம் எழும். மனிதர்களின் சுதந்திரத்தை முன்வைத்து எழும் ஆட்சேபம் ஆகையால் இதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். உபதேசத்தை நான் கேட்கவில்லை, யோசிக்க ஓர் இடத்தையே கேட்கிறேன். எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரு பெரியவர் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்துவதை அடிக்கடி பார்ப்பதுண்டு. சதுரக் குறியை ஸ்கேன் செய்தவுடன், பணம் பெறுபவரின் வங்கிப் பெயர் திரையில் வருகிறது. கண்ணாடியைச் சற்றே கீழிறக்கி, அந்தப் பெயரை உரக்கப் படித்து, "நம்ம கடைதானே தம்பி?" என்று கேட்கிறார். கடைப்பையன், "ஆமா தாத்தா, ஓனர் பேருதான் வரும்" என்கிறான். பிறகு தொகையை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ரகசிய எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்துகிறார். பின்னால் நிற்பவர்களுக்குப் பத்து விநாடி தாமதம்தான். ஆனால் அந்தப் பெயரும் அந்த எண்ணும் இல்லாமல் போனால் அவர் இந்தக் கருவியைத் தொடவே துணிந்திருக்க மாட்டார். தம் பணத்துக்குத் தாமே எஜமானர் என்ற உணர்வை அவருக்குத் தருவது அந்தப் பத்து விநாடிதான்.

சுதந்திரம் பற்றிய அந்த ஆட்சேபத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. 2018இல் வதந்திகளை நம்பிய கூட்டங்கள் அப்பாவிகளை அடித்துக் கொன்ற கொடுமைகளுக்குப் பிறகு, வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. படங்களுக்குப் பக்கத்தில் இருந்த விரைவு முன்னனுப்பல் பொத்தானையும் எடுத்துவிட்டது. 2020 ஏப்ரலில், ஏற்கனவே பல கை மாறி வந்த செய்திகளை ஒரு சமயத்தில் ஒருவருக்கே அனுப்பலாம் என்று வரம்பிட்டது. அதன்பின் அத்தகைய செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. யாருடைய பேச்சும் தடைசெய்யப்படவில்லை. நூறு பேருக்கு அனுப்ப வேண்டும் என்று உறுதியாக எண்ணியவர் நூறு தடவை அனுப்பியிருக்கலாம். அந்தச் செய்திகளில் பத்தில் ஏழு, சிறிது சிரமம் குறுக்கிட்டவுடனேயே நின்றுபோயின என்றால், அவற்றுக்குப் பின்னால் எவ்வளவு உறுதி இருந்திருக்கும்? சுதந்திரம் என்ற பெயரில் நாம் காத்துவந்தது அனிச்சைச் செயலைத்தான் என்று இதிலிருந்து நான் அறிகிறேன்.

இந்த வேகவழிபாடு வெளியே பயனரை ஆட்டுவிப்பதோடு நிற்காமல், உள்ளே வேலை செய்பவர்களையும் ஆட்டுவிக்கிறது. எதை உடைத்தாலும் பரவாயில்லை, வேகமாகப் போ என்று பொருள்படும் வாசகத்தை 2014 வரை ஃபேஸ்புக் தன் தாரக மந்திரமாக வைத்திருந்தது. பிறகு அவர்களே மாற்றிக்கொண்டார்கள். நம் ஊர் நிறுவனங்கள் பல இன்னும் பழைய மந்திரத்தையே ஜபிக்கின்றன. திங்கட்கிழமை யோசனை, வெள்ளிக்கிழமை வெளியீடு என்ற கதியில் ஓடும் குழுவுக்கு, தான் செய்வது சரியா என்று யோசிக்கும் அவகாசமே ஒரு தடங்கலாகத் தோன்றுகிறது. சிறுகடன் செயலிக் கூட்டத்தில் கேள்வி கேட்ட பெண்ணுக்குச் சரியான பதில் கிடைக்காததற்கு அங்கிருந்தவர்கள் கல்நெஞ்சர்களாக இருந்தது காரணம் அல்ல. நேரமில்லை என்பதே காரணம். யோசிக்க அவகாசமில்லாதவர்கள், பிறர் யோசிக்க அவகாசமில்லாத பொருள்களைத்தான் உண்டாக்குவார்கள்.

கடைசியாக, தனியே அகப்படும்போது எல்லா வடிவமைப்பாளர்களும் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: "நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் நாங்கள் ஒரு படியைச் சேர்த்தால் போட்டி நிறுவனம் அந்தப் படி இல்லாமல் வந்து வாடிக்கையாளரைக் கொண்டுபோய்விடும், முதலீட்டாளர் சும்மா இருப்பாரா?" இந்த வாதத்துக்கு இந்தியாவில் ஏற்கனவே விடை எழுதப்பட்டிருக்கிறது. இணையத்தில் அட்டை மூலம் செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் அட்டையில் இல்லாத இரண்டாவது சான்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. வியாபாரம் படுத்துவிடும், பாதிப்பேர் கடவுச்சொல் பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள் என்று அப்போது கூக்குரல் எழுந்தது. ஊபர் நிறுவனம் இந்திய அட்டைகளின் பணத்தை அயல்நாட்டு வழியாகப் பற்று வைத்து, அந்தப் படி இல்லாமலே சவாரிக் கட்டணத்தை வசூலித்துவந்தது. பயணி காரிலிருந்து இறங்கிப் போய்விட்டால் போதும், பணம் தானாகப் போய்விடும் என்ற அந்தச் சௌகரியமே அதன் பெருமையாக இருந்தது. 2014 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அந்த வழியை அடைத்து, அக்டோபர் இறுதிவரை கெடு வைத்தது. ஊபர் விலகிப் போகவில்லை. நவம்பரில் பேடிஎம் பணப்பையோடு இணைந்துகொண்டது. 2021 அக்டோபரில், மாதந்தோறும் தானாகப் பிடிக்கும் சந்தாக்களுக்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோதும் இதே ஓலம் கேட்டது. அந்த முன்தகவலைக் கண்ட பிறகுதான், ஆண்டுக்கணக்கில் மறந்துபோன சந்தாக்களைப் பலர் ரத்து செய்தார்கள். என் வீட்டிலேயே அப்படி இரண்டு இருந்தன. படி எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்டபோது போட்டியின் அச்சம் பொருளற்றுப் போயிற்று. இணைய வியாபாரம் அந்த ஆண்டுகளில் சுருங்கவில்லை, ஓ.டி.பி. கேட்கும் நாட்டில்தான் அது இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. ஆகவே, தம் பொருளில் நிதானத்துக்கு இடம் வைக்க விரும்பும் வடிவமைப்பாளர்கள் போட்டியாளரைக் காட்டித் தயங்குவதைவிட, இத்தகைய பொது விதிகள் வரைவாக வெளியாகும்போது தொழிலின் உள்ளே இருப்பவர்கள் என்ற முறையில் அவற்றை ஆதரித்து எழுதலாம். இதுவரை அந்த வரைவுகளுக்கு நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் தொழில் சங்கங்களுமே பெரும்பாலும் பதில் எழுதிவருகின்றன.